கண் இமை சர்ஜரி: உலகின் நம்பர் ஒன் அழகு அறுவை சிகிச்சை... செய்துகொள்பவருக்கு உண்மையில் என்ன நடக்கும்?

உலகத்தில் அதிகம் செய்யப்படும் அழகு அறுவை சிகிச்சை எது என்று கேட்டால், சமீபம் வரை லைப்போசக்ஷன் என்பதுதான் பதில். உடம்பில் சேர்ந்த கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அந்தச் சிகிச்சையை இப்போது கண் இமை பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஐசாப்ஸ் எனப்படும் சர்வதேச அழகியல் பிளாஸ்டிக் சர்ஜரி சங்கம் 2025 ஜூனில் வெளியிட்ட கணக்குப்படி, 2024ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 21 லட்சத்துக்கும் அதிகமான இமை அறுவை சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. முந்தைய ஆண்டைவிட 13.4 சதவீதம் அதிகம். ஆண்கள் அதிகம் செய்துகொள்ளும் அழகு அறுவை சிகிச்சையும் இதுதான்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இது பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் கேள்வித்தாள் கொடுத்துத் திரட்டிய மதிப்பீடு. கண் மருத்துவர்கள் செய்யும் இமை அறுவை சிகிச்சைகள் இதில் முழுமையாக வராது. அதனால் உண்மையான எண்ணிக்கை இன்னும் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு.

ஏன் இமை? கொரோனா காலத்தில் மாஸ்க்குக்கு மேலே தெரிந்தது கண் மட்டும்தான். வீடியோ காலில் மணிக்கணக்காகத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை இது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், இந்தச் சிகிச்சை விற்கப்படும் விதம். "ஒரு மணி நேரம்தான், ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வோம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்கிறார்கள். இதில் எதுவும் பொய் இல்லை. அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றியும், எதற்கு இந்தச் சிகிச்சை உதவாது என்பதைப் பற்றியும் விளம்பரங்கள் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரே பெயர், மூன்று வேலைகள்

மருத்துவத்தில் இதற்கு பிளெஃபரோபிளாஸ்டி என்று பெயர். இந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, மேல் இமை. வயது ஏற ஏற இமைத்தோல் தளர்ந்து, கண்ணுக்கு மேலே முந்தானை மாதிரி தொங்கும். சிலருக்கு அது பார்வையையே மறைக்கும். இமையின் இயல்பான மடிப்புக்கோட்டிலேயே கீறி, அதிகப்படியான தோலையும், தேவைப்பட்டால் கொஞ்சம் கொழுப்பையும் எடுத்துவிட்டுத் தைப்பார்கள். கண் திறந்திருக்கும்போது தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும்.

இரண்டாவது, கீழ் இமை. கண்ணுக்குக் கீழே பை மாதிரி வீங்கித் தெரிவதைச் சரிசெய்வது. கண்குழிக்குள் இருக்கும் கொழுப்பு, அதைத் தாங்கும் சவ்வு தளர்வதால் முன்னே பிதுங்கி வருவதுதான் அந்தப் பை. இமையின் உள்பக்கம் வழியாகவும் இதைச் செய்யலாம்; அப்போது வெளியே தழும்பே தெரியாது. தோலும் தளர்ந்திருந்தால் இமைமுடிக்கு அடியிலேயே கீற வேண்டியிருக்கும். இப்போதெல்லாம் கொழுப்பை வெட்டி எறியாமல், கீழே பள்ளமாக இருக்கும் இடத்துக்கு நகர்த்திவிடும் முறையைப் பல சர்ஜன்கள் விரும்புகிறார்கள். நிறையக் கொழுப்பை எடுத்துவிட்டால் சில வருடங்களில் கண் குழி விழுந்து, முன்பைவிட வயதான தோற்றம் வந்துவிடுகிறது என்பது அனுபவத்தில் கற்ற பாடம்.

மூன்றாவது, கிழக்காசியாவின் இரட்டை இமை. உலக எண்ணிக்கை இவ்வளவு பெருகியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கொரியாவில் பரீட்சை முடிந்ததும் இமை

இமையைத் தூக்கும் தசையின் நார்கள் தோலோடு பிணைந்திருந்தால், கண் திறக்கும்போது இமையில் ஒரு மடிப்பு விழும். கிழக்காசிய மக்களில் சுமார் பாதிப் பேருக்கு அந்தப் பிணைப்பு இருக்காது. இமை வழவழவென்று மடிப்பில்லாமல் இருக்கும். அது குறை அல்ல, ஒரு வகை உடலமைப்பு. அந்த மடிப்பைச் செயற்கையாக உருவாக்குவதுதான் இரட்டை இமை சர்ஜரி.

"அமெரிக்கர்களைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. வரலாறு அவ்வளவு நேர்கோடு இல்லை. ஜப்பானிய மருத்துவர் மிகாமோ 1896லேயே இந்தச் சிகிச்சையைப் பதிவு செய்துவிட்டார். அவர் சிகிச்சை தந்த பெண்ணுக்கு ஒரு கண்ணில் மடிப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. இரண்டையும் ஒன்றுபோல ஆக்கினார். அதே நேரத்தில், கொரியப் போர் முடிந்த பிறகு 1950களின் நடுவில் அங்கே பணியாற்றிய அமெரிக்க ராணுவ பிளாஸ்டிக் சர்ஜன் டேவிட் ரால்ஃப் மில்லார்டின் கதையும் உண்மை. அமெரிக்கர்களோடு வேலை பார்த்த ஒரு கொரிய மொழிபெயர்ப்பாளர், தன் கண்ணைப் பார்த்து அவர்கள் தன்னை நம்பத் தயங்குகிறார்கள் என்று சொல்லி மில்லார்டிடம் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அங்கே இமைக்கும் பிழைப்புக்கும் முடிச்சு அப்போதே விழுந்துவிட்டது.

அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. தென் கொரியாவில் வேலை விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவது நீண்ட காலமாக வழக்கம். 2017இல்தான் அரசுத் துறை வேலைகளில் போட்டோ கேட்கக் கூடாது என்ற நடைமுறை வந்தது. நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்ததும், ஹால்டிக்கெட்டைக் காட்டினால் தள்ளுபடி என்று கிளினிக்குகள் விளம்பரம் செய்யும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தேர்வெழுதி முடித்த பரிசாகப் பெற்றோரே இமை சர்ஜரிக்குப் பணம் கட்டுவது அங்கே ஆச்சரியமான செய்தி இல்லை. சுரங்க ரயில் நிலையங்களில் நிறைந்திருந்த அழகு சர்ஜரி விளம்பரங்கள் மீது புகார்கள் குவிந்து, அவற்றைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக சியோல் மெட்ரோ 2017இல் அறிவிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. சிபிஎஸ் தொலைக்காட்சியின் பிரபல தொகுப்பாளர் ஜூலி சென், 2013இல் தன் நிகழ்ச்சியிலேயே ஓர் உண்மையைச் சொன்னார். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் இளம் செய்தியாளராக இருந்தபோது, ஆசியக் கண்களால் அவர் ஆர்வமில்லாதவர் போலத் தெரிகிறார், அதனால் செய்தி வாசிக்கும் நாற்காலி கிடைக்காது என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். அதன் பிறகுதான் அவர் இமை சர்ஜரி செய்துகொண்டார். வேலை வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் இமைக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் அளக்க முடியாது. அதுதான் இந்த விஷயத்தின் சங்கடமே.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இரட்டை இமையில் இரண்டு வழிகள். ஒன்று, கீறாமல் உள்ளே நூலைப் புதைத்துத் தைப்பது. வீக்கம் சீக்கிரம் வடியும். ஆனால் நாளடைவில் தையல் தளர்ந்து மடிப்பு மறையலாம். இன்னொன்று, கீறிச் செய்வது. நிலைத்து நிற்கும், ஆனால் வீக்கம் முழுசாக அடங்கி இயல்பான தோற்றம் வர மாதக்கணக்கில் ஆகும். முதல் சில வாரங்கள் மடிப்பு தேவைக்கு மேல் உயரமாகவும் தடிப்பாகவும் தெரியும். "ஐயோ, கெடுத்துட்டாங்களே" என்று பலர் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

நம்ம ஊரில் யார் போகிறார்கள்?

தமிழ்நாட்டில் இரட்டை இமைக்காகப் போகிறவர் மிகக் குறைவு. பெரும்பாலானோருக்கு மடிப்பு பிறவியிலேயே உண்டு. இங்கே டாக்டரிடம் வருகிறவர்களின் புகார் வேறு: "நல்லாத் தூங்கி எழுந்தாலும், 'ஏன் டயர்டா இருக்கீங்க, உடம்பு சரியில்லையா'ன்னு கேக்குறாங்க." ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தொங்கும் மேல் இமை; முப்பதுகளில் இருப்பவர்களுக்குக் கண்ணடிப் பை, கருவளையம்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். கருவளையமும் பையும் ஒன்றல்ல. தெற்காசியர்களுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்பாக இருப்பது பெரும்பாலும் தோலின் நிறமிதான். பல வீடுகளில் அது பரம்பரை. கத்தியால் நிறத்தை வெட்டி எடுக்க முடியாது. பை பிதுங்கி, அதன் நிழல் கீழே விழுவதால் கறுப்பாகத் தெரிகிறது என்றால் மட்டும் சர்ஜரிக்குப் பிறகு அது குறையும். கண்ணாடி முன் நின்று டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும்: வெளிச்சம் நேராக விழும்போது கறுப்பு மறைந்தால் அது நிழல்; மறையவில்லை என்றால் நிறம். இறுதியாகச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

மேல் இமையிலும் இதே குழப்பம் உண்டு. இமை தொங்குவதற்குக் காரணம் தோலாக இருக்கலாம். இமையைத் தூக்கும் தசை பலவீனமாகியிருக்கலாம். புருவமே கீழே இறங்கி வந்திருக்கலாம். மூன்றும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும்; மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. தசைப் பிரச்சினைக்குத் தோலை வெட்டினால், காசும் போய், இமையும் அப்படியே தொங்கும். புருவம் இறங்கியவருக்கு இமைத்தோலை வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபடும். காலையில் நன்றாகத் திறந்திருந்து மாலையில் மட்டும் இமை சரிந்தால், மயஸ்தீனியா என்ற நரம்பு-தசை நோயாக இருக்கலாம். அதற்குக் கத்தியே தேவையில்லை, மருந்துதான். திடீரென ஒரு பக்க இமை மட்டும் சரிந்தால் அழகுக் கிளினிக்குக்கு அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

இமையோரம் மஞ்சளாகத் திட்டுத்திட்டாக இருப்பதை நீக்கச் சொல்லியும் சிலர் வருவார்கள். அது கொலஸ்ட்ரால் படிவு. வெட்டி எடுக்கலாம்தான், ஆனால் முதலில் ரத்தத்தில் கொழுப்பு அளவைப் பார்க்க வேண்டும். கண் வீக்கத்தோடு வருகிறவருக்குத் தைராய்டு டெஸ்ட் எழுதாத டாக்டரிடம் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

சர்ஜரிக்கு முன்: என்னென்ன கேட்பார்கள்?

நல்ல டாக்டர் என்றால் கேள்வி நிறையக் கேட்பார். கண் உலர்வு இருக்கிறதா? சர்க்கரை, பிபி கட்டுக்குள் இருக்கிறதா? கிளாக்கோமா? சமீபத்தில் லேசிக் செய்துகொண்டீர்களா? செய்திருந்தால் பெரும்பாலும் ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள். கண் உலர்வு கேள்விதான் இதில் முக்கியம். இமை என்பது கண்ணின் வைப்பர். அதன் நீளத்தைக் குறைத்தால் கண் காயும். ஏற்கெனவே நாள் முழுக்க ஸ்கிரீன் பார்த்து எரிச்சலோடு இருக்கும் கண்ணுக்கு அது இரட்டைச் சுமை.

ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை போன்றவையும் ரத்தக்கசிவைக் கூட்டலாம். "அது மருந்தே இல்லையே, சத்து மாத்திரைதானே" என்று மறைத்துவிடக் கூடாது. அதற்காக, இதய நோய்க்குக் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. எழுதிக்கொடுத்த இதய மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் செய்தால், ஆல்பம் முழுக்க வீங்கிய கண்தான் இருக்கும். குறைந்தது இரண்டு மூன்று மாத இடைவெளி வேண்டும்.

அன்றைய நாளும் அடுத்த வாரங்களும்

பெரும்பாலும் இமை மரத்துப்போக ஊசி, கூடவே பதற்றம் தணிய லேசான மயக்க மருந்து. ஊசி போடும்போது சுருக்கென்று எரியும். பிறகு இழுப்பது தெரியும், வலி தெரியாது. மேல் இமை மட்டும் என்றால் சுமார் ஒரு மணி நேரம். நான்கு இமைக்கும் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் போகலாம். தோல் எவ்வளவு எடுப்பது என்பதைப் படுக்கவைப்பதற்கு முன், உட்காரவைத்துப் பேனாவால் குறித்துக்கொள்வார்கள். அந்தக் கோடுதான் கிட்டத்தட்ட மொத்த சர்ஜரியும். இமைமுடி விளிம்பிலிருந்து புருவம் வரை குறைந்தது 20 மில்லிமீட்டர் தோலை விட்டுவைக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதைத் தாண்டி வெட்டினால் கண் முழுசாக மூடாது.

முதல் 48 மணி நேரம் ஐஸ் ஒத்தடம். தலையை உயர்த்தி, இரண்டு தலையணை வைத்துப் படுக்க வேண்டும். பார்வை மங்கலாக இருக்கும். பெரும்பாலும் அது களிம்பும் கண்ணீரும் செய்யும் வேலை. இரண்டாம், மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். முதல் நாளைவிட மோசமாகத் தெரிவதால் பயந்துவிடுவார்கள். கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கன்றிப்போய், பிறகு பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி, ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். ஐந்து முதல் ஏழு நாளில் தையல் பிரிப்பார்கள். ஆபீஸ் போக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கூலிங் கிளாஸ் கூடவே இருக்கும்.

இரண்டு வாரத்துக்குக் கண் மை கூடாது, கான்டாக்ட் லென்ஸ் கூடாது. ஜிம், கனமான பை, தண்ணீர் கேன் தூக்குவது, குனிந்து வீடு பெருக்குவது எல்லாம் தள்ளிப்போட வேண்டும். குனிந்தாலே கண்ணில் ரத்த அழுத்தம் ஏறும். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வீட்டில் பெரியவர்கள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார்கள். தையல் போட்ட இமைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது.

தழும்பு முதலில் சிவந்து தடித்திருக்கும். இமைத்தோல் உடம்பிலேயே மெல்லிய தோல் என்பதால் நன்றாகவே ஆறும். மற்ற இடங்களில் வருவதுபோலக் கெலாய்டு எனும் தடித்த தழும்பு இங்கே வருவது அபூர்வம். ஆனாலும் கடைசித் தோற்றம் என்ன என்று சொல்ல ஆறு மாதமாவது ஆகும். இரண்டு கண்ணும் அச்சு எடுத்ததுபோல ஒன்றாக இருக்காது. சர்ஜரிக்கு முன்பும் அப்படி இருந்திருக்காது; யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

எது ஆபத்து?

பெரும்பாலோருக்கு வருவது தற்காலிகத் தொல்லைகள்தான்: உலர்வு, நீர் வழிதல், உறுத்தல், இமை மரத்த உணர்வு. கண் சரியாக மூடாமல் போவதும், கீழ் இமை வெளிப்பக்கம் பிரண்டு வெள்ளைவிழி கூடுதலாகத் தெரிவதும் அதைவிடத் தீவிரமானவை. இரண்டுக்கும் பெரும்பாலான காரணம், தேவைக்கு மேல் தோலை எடுத்தது.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது கண்ணுக்குப் பின்னால் ஏற்படும் ரத்தக்கசிவு. எலும்புக்குழிக்குள் ரத்தம் தேங்கினால் வெளியேற வழி கிடையாது. அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு நசுங்கும். அமெரிக்க இமை அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் விவரம் திரட்டி 2004இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ரத்தக்கசிவு 2,000 பேரில் ஒருவருக்கும், நிரந்தரப் பார்வை இழப்பு 22,000 பேரில் ஒருவருக்கும் ஏற்படுவதாகக் கணக்கிட்டது. மிக அரிது. ஆனால் அது அனுபவசாலிகளின் கையில் நடந்த சிகிச்சைகளின் கணக்கு. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் இது நடக்கும். தாங்க முடியாத வலி, ஒரு கண் மட்டும் கல் மாதிரி இறுகி வெளியே தள்ளுவது, பார்வை மங்கிக்கொண்டே போவது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது "காலைல பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டால் கண் போய்விடும். இது மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் முடிவாகும் விஷயம். அதனால் சர்ஜரிக்கு முன்பே கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் அல்ல: "ராத்திரி இரண்டு மணிக்கு வலிச்சா யாருக்குப் போன் பண்ணணும்? அவங்க எடுப்பாங்களா?"

இன்சூரன்ஸ் தருமா?

அழகுக்காகச் செய்தால் கிடைக்காது. இந்திய மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் அழகு சர்ஜரி ஒரு நிலையான விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு அல்லது மருத்துவரீதியாக அவசியமானது என்றால் மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. தொங்கும் இமை பார்வையை மறைக்கிறது என்பவர்கள், பார்வைப் பரப்புப் பரிசோதனை, புகைப்படம், மருத்துவரின் சான்று ஆகியவற்றோடு முன்கூட்டியே அனுமதி கேட்பது நல்லது. சர்ஜரி முடிந்த பிறகு பில்லை நீட்டினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

வரியிலும் இதே கோடுதான். பொதுவாக மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அழகு சர்ஜரிக்கு அந்த விலக்கு கிடையாது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் போன்றவற்றால் பாதித்ததைச் சீர்செய்தால் விலக்கு பொருந்தும். கிளினிக் சொல்லும் "பேக்கேஜ்" தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா, திரும்பவும் சரிசெய்ய நேர்ந்தால் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கத்தி யார் கையில்?

இந்தக் கேள்வியை உலகத்துக்கு உரக்கக் கேட்டதும் கொரியாதான். 2016இல் சியோலின் கங்னம் பகுதியில் தாடை சர்ஜரிக்குப் போன குவோன் டே-ஹீ என்ற மாணவர், ரத்தப்போக்கால் நினைவிழந்து, சில வாரங்களில் இறந்தார். ஒப்புக்கொண்ட சர்ஜன் பாதியில் போய்விட, மிச்ச வேலையை வேறொரு டாக்டர் செய்தது அறுவை அரங்கின் கேமரா பதிவில் தெரிந்தது. அந்தப் பதிவை வாங்கி, திரும்பத் திரும்பப் பார்த்து, நிமிடம் நிமிடமாகக் குறிப்பெடுத்துப் போராடியவர் அவருடைய அம்மா. "பேய் சர்ஜரி" என்று கொரியர்கள் பெயர் வைத்த இந்த ஏமாற்றுக்கு எதிராக 2021 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பர் 25 முதல் அமலுக்கு வந்தது. நினைவிழந்த நிலையில் சர்ஜரி நடக்கும் அரங்குகளில் கேமரா கட்டாயம். நோயாளியோ குடும்பமோ கேட்டால் பதிவு செய்ய வேண்டும். மருத்துவச் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு: கேட்காவிட்டால் பதிவு இல்லை, சில காரணங்களைக் காட்டி மறுக்கவும் முடியும், பதிவை 30 நாள் வைத்திருந்தால் போதும்.

இத்தனைக்கும் நடுவில் கொரியாவுக்குச் சிகிச்சைக்காகப் போகும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 2024இல் 11 லட்சத்தைத் தாண்டியது. ஊர் திரும்பிய பிறகு பிரச்சினை வந்தால் தையல் போட்ட டாக்டர் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பார் என்பதை பேக்கேஜ் விளம்பரங்கள் சொல்வதில்லை.

இந்தியாவில் இப்படி ஒரு கேமரா சட்டம் தேசிய அளவில் இல்லை. இங்கே நோயாளியின் கையில் இருக்கும் ஆயுதம் ஒப்புதல் படிவம். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதல் வேறொரு சிகிச்சைக்குச் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மேல் இமைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால், "மயக்கத்துல இருந்தீங்க, கீழ் இமையையும் சேர்த்துப் பண்ணிட்டோம்" என்று சொல்ல முடியாது. அதனால் படிவத்தில் எந்த இமை, எந்த முறை, செய்யப்போகும் டாக்டர் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

யார் தகுதியானவர்? பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் முடித்தவர்கள், அல்லது கண் மருத்துவம் முடித்து இமை, கண்குழி அறுவை சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற ஓக்குலோபிளாஸ்டி நிபுணர்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பெயருக்குப் பின்னால் "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று இருப்பது மட்டும் போதாது. பதிவு எண்ணை வாங்கி மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. இன்ஸ்டாகிராமில் 'முன்–பின்' படங்களைப் போட்டு ஆள் சேர்ப்பது பெருகிவிட்டது. நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் மூலம் இழுப்பது மருத்துவ ஒழுக்கத்துக்கு முரணானது என்று 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன என்பதையும் அந்தப் படங்களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளலாம். அப்படியே பார்த்தாலும், ஒரு வாரத்துப் படத்தைவிட ஒரு வருடத்துப் படம் கேட்பது பயன் தரும். கண் திறந்ததும் மூடியதும் இரண்டும் வேண்டும்.

ஏதாவது தவறாகிவிட்டால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். சர்ஜரிக்கு முன் எடுத்த படங்கள், ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றின் நகலும் கையில் இருக்க வேண்டும்.

தோற்றம் பிடிக்கவில்லை என்பதற்காக உடனே இன்னொரு டாக்டரிடம் ஓடினால், அவசரச் சிக்கல் இல்லாதவரை அவரும் ஆறு மாதம் பொறுக்கத்தான் சொல்வார். வீக்கம் முழுசாக வடியாமல் மறுபடி கீறினால் கணக்கு தப்பும். மிச்சம் வைத்த தோலைப் பிறகு எடுப்பது சின்ன வேலை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கூடுதலாக வெட்டிவிட்ட இமைக்கோ, காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டிவரும். ஒட்டிய தோல் நிறத்திலும் தடிப்பிலும் பழைய இமைத்தோல் மாதிரி இருக்காது.